கல்நாவாய்க்கு இரண்டு சுக்கான்

ஜூன் 4

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். "அன்புள்ள சம்பந்தி அம்மா" என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இப்போதும் கை தானாக அப்படித்தான் தொடங்கியது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். உங்கள் மகளும் என் மகனும் சட்டப்படி பிரிந்த பிறகு உங்களை நான் எப்படி அழைப்பது? இதை யாரிடம் போய்க் கேட்பது? பேரப்பிள்ளை ஒன்று இருந்திருந்தால் அதைச் சாக்காக வைத்தாவது நாம் பேசிக்கொண்டிருப்போம். நமக்கு அதுவும் இல்லை.

ஆனால் வேறொரு சாக்கு வந்திருக்கிறது. "கல்நாவாய்" இரண்டாம் பாகம் வந்துவிட்டது!

கடைக்காரர் கட்டைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கும்போதே கை நீட்டி ஒன்றை வாங்கிவிட்டேன். முதல் பாகத்தைவிடத் தடிமன். அட்டையில் அதே கல் கப்பல், அதே யாளி. வீட்டுக்கு வந்ததும் படிக்க உட்காரவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய்க் கத்தியை எடுத்தேன். புத்தகத்தின் காதை மடக்கினாலே பிள்ளைகளை அதட்டிய ஆள் நான். இருந்தும் நடுவில் வைத்து வெட்டினேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு முட்டி மாற்று அறுவை நடந்தபோது பிள்ளைகள் இருவருக்கும் விடுப்புக் கிடைக்கவில்லை. நீங்கள் உங்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியைப் பூட்டிவிட்டு வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். இருந்தது ஒரே புத்தகம், உங்கள் மகள் கொடுத்துவிட்ட கல்நாவாய். நான் படித்தால் நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள், நீங்கள் படித்தால் நான் சுவரைப் பார்த்தேன். பொறுக்க முடியாமல் நர்ஸிடம் கத்தரிக்கோல் வாங்கி, அதை முதுகோடு இரண்டாகப் பிளந்தீர்களே! "ஐயோ!" என்று நான் அலறியதில், முட்டிக்குத்தான் என்னவோ ஆகிவிட்டதென்று நர்ஸ் ஓடி வந்தாள்.

"முன்பாதி உங்களுக்கு, பின்பாதி எனக்கு. கடைசில யாரு உயிரோட இருக்காங்கன்னு தெரிஞ்சுட்டா, அப்புறம் நிம்மதியா முதல்லேருந்து படிக்கலாம்" என்றீர்கள். ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் வழியைப் பார்ப்பேன் என்கிற ஒரே ஓட்டுநர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

அதே முறைப்படி இந்தப் பாகத்தின் பின்பாதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பழக்க தோஷம், இரண்டு பாதிக்கும் காக்கித் தாளில் அட்டை போட்டு, பசை தடவி, பெயர்ச்சீட்டும் ஒட்டிவிட்டேன். வீட்டுக்கு அனுப்பினால் சங்கடம் வரலாம் என்பதால் பயிற்சிப் பள்ளி முகவரிக்கு அனுப்புகிறேன். என் போனில் உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருப்பது என் மகன்தான். அவன் மேல் கோபப்பட வேண்டாம். அவனும் அடிபட்டுத்தான் இருக்கிறான்.

வகுப்பில் ஒரு காந்தத்தை உடைத்துக் காட்டுவேன். வடக்கு ஒரு துண்டிலும் தெற்கு ஒரு துண்டிலும் போய்விடும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அப்படிப் போகாது. ஒவ்வொரு துண்டும் ஒரு முழுக் காந்தமாகிவிடும். புத்தகத்துக்கு அந்த யோகம் கிடையாது. உங்கள் பாதி என் கைக்கு வரும்வரை என் பாதி வெறும் பாதிதான்.

விருப்பமில்லை என்றால் பதில் எழுத வேண்டாம். புத்தகத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு முன்பு மாமியாராக இருந்தவள்

•

ஜூன் 21

டீச்சர்,

எனக்குக் கடிதம் எழுத வராது. போக்குவரத்து அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதத்தான் வரும். நடுவில் எங்காவது "மேற்படி" என்று வந்துவிட்டால் கண்டுகொள்ளாதீர்கள்.

பொட்டலம் வந்து சேர்ந்தது. அனுப்புநர் யார் என்று பார்த்ததும் ஸ்பேனர் பெட்டிக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டேன். கோபம்தான், மறைக்க மாட்டேன். "இனிமே அந்த வீட்டுப் பேச்சே வேணாம்மா" என்று மகள் சொல்லியிருக்கிறாள். நானும் சரி என்று சொல்லியிருக்கிறேன். பொட்டலத்தைப் பிரிக்காமல் இருந்தால் சொன்ன சொல் காப்பாற்றிய மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் மேற்படி பொட்டலம் தினமும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

மைதானத்தில் ஒரு பெண் வண்டியைப் பின்னோக்கி எடுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். நல்லாத்தான் எடுத்தாள். நான் நிழலில் நின்று காக்கி அட்டையைப் புரட்டினேன். ஒரு பக்கம்தான் என்று ஆரம்பித்தேன். டமார் என்று சத்தம். காலி டிரம்மில் இடித்துவிட்டு இறங்கி வருகிறாள்.

"என்னக்கா, பிரேக்குன்னு சத்தமே குடுக்கல!"

"உனக்குக் கண்ணு இல்லியா?"

"கண்ணு இருக்கு. ஆனா நீங்க கத்துவீங்கன்னு நம்பித்தானேக்கா ஓட்டுறேன்!"

என்னை ஊரே பிரேக் அக்கா என்று கூப்பிடுவது உங்களுக்குத் தெரியும். பிரேக் அக்காவையே பிரேக் பிடிக்காமல் விட்டுவிட்டது இந்தப் புத்தகம். அந்த அளவுக்கு ஆசிரியரைப் பாராட்டலாம்.

மற்றபடி ஒரே எரிச்சல். முதல் பாகத்தில் நம் தளபதி எப்படி இருந்தான்! ஒரு சுக்கானைப் படகுக்காரியும் மற்றதை அவனும் பிடித்து, அந்தக் கல் கப்பலை மூடுபனிக் கடலில் ஓட்டினார்களே, அந்த இடத்தை நான் ஆஸ்பத்திரியில் உங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இப்போது என்னடா என்றால், துறைமுகக் கதவை எதிரிக்குத் திறந்துவிட்ட துரோகியாக வந்து நிற்கிறான்! அவள் நகரம் போச்சு, ஆட்கள் போனார்கள். அவனானால் தாடி வளர்த்துக்கொண்டு மலையில் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. முதல் பாகத்திலேயே அவன் பார்வை சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது.

முட்டி எப்படி இருக்கிறது? படி ஏறும்போது வலிக்கிறதா? பதில் எழுதுங்கள் என்று சொல்லவில்லை. முட்டியைப் பற்றி மட்டும் கேட்கிறேன்.

பிரேக் அக்கா

•

ஜூன் 28

அன்புள்ள அம்மா,

முட்டியைப் பற்றி மட்டும் என்றால் ஒரே வரிதான்: நன்றாக இருக்கிறது, மாடி ஏறி இறங்குகிறேன். ஆனால் நான் ஒரு வரியோடு நிறுத்துகிற ஆளா? உங்கள் கடிதத்தைத் துணி மடிக்கும்போது ஒரு தடவை, அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்து ஒரு தடவை படித்தேன். டிரம் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். மகன் எட்டிப் பார்த்து, "என்னம்மா?" என்றான். "புத்தகம்டா" என்றேன். பொய் இல்லை.

இந்தப் புத்தகத்தோடு எனக்கும் சண்டை நிறைய. முதல் பாகத்தில் மூன்று பேரைச் சுற்றியே கதை போகும், அவர்கள் தும்மினாலும் நமக்குக் கேட்கும். இதில் பக்கத்துக்கு ஒரு மன்னர் வருகிறார். ஒவ்வொருவருக்கும் கொடி, குதிரை, தாத்தாவின் வீரச் செயல். புது வகுப்பில் முதல் நாள் பெயர் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. யாளியைக் காணவே காணோம். ஒரு முழு அத்தியாயம் வாள் செய்வது எப்படி என்று போகிறது. நடு நடுவே மட்டும் பழைய ஆசிரியர் எழுந்து வருகிறார். படகுக்காரி தன் பழைய துடுப்பைச் சந்தையில் அடையாளம் கண்டுபிடிக்கும் இடத்தில் நான் மூக்கைச் சிந்தினேன்.

ஆனால் தளபதி விஷயத்தில் நீங்கள் அவசரப்படுகிறீர்கள். அவன் கதவைத் திறந்தது எதிரிக்காக இல்லை. கதவுக்கு வெளியே அவன் ஊர் ஜனங்கள் மழையில் நிற்கிறார்கள். நகரசபை அவர்களை உள்ளே விடவில்லை. படகுக்காரிக்கு அது தெரியாது, அவள் கடலில் இருக்கிறாள். அவன் கதவைத் திறந்தபோது ஜனங்களோடு எதிரியும் உள்ளே நுழைந்துவிட்டான். இது என் பாதியில்தான் இருக்கிறது. நீங்கள் பார்த்தது விளைவை மட்டும். கண்ணாடிக் குவளை உடைந்து கிடக்கும் அறைக்குள் வருகிறவருக்கு, பூனை தட்டியதா, காற்று தள்ளியதா என்று எப்படித் தெரியும்?

என் பாதி எங்கே முடிகிறது தெரியுமா? இருவரும் கோட்டைச் சுவரில் கடைசியாகச் சந்திக்கிறார்கள். "தளபதி அவளைப் பார்த்துச் சொன்னான்:" என்று இருக்கிறது. அங்கே புத்தகம் தீர்ந்துவிட்டது. அவன் என்ன சொன்னான்? உங்கள் முதல் பக்கத்தில் இருக்குமே. அதை மட்டும் எழுதி அனுப்புங்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்புடன்,
டீச்சர்

•

ஜூலை 6

டீச்சர்,

என் முதல் பக்கத்தில் முதல் வரி இதுதான்: "அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை."

உங்கள் தளபதி என்ன சொன்னான், அவள் என்ன சொன்னாள், ஒன்றும் இங்கே இல்லை. நடுவில் ஒரு தாள் காணோம். நீங்கள்தான் வெட்டினீர்கள், அட்டை போட்டீர்கள், உங்களிடம்தான் இருக்க வேண்டும். இல்லை, அவன் பேசியது அவனுக்கே பாதகமாக இருக்கிறது என்று எடுத்து வைத்துக்கொண்டீர்களா?

கோபத்தில் எழுதிவிட்டேன். எழுதியதை அடித்துவிட மாட்டேன், இருக்கட்டும். இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். மழையில் ஜனங்கள் நின்றார்கள் என்பதெல்லாம் சரி. ஒரு வார்த்தை அவளிடம் சொல்லிவிட்டுத் திறந்திருக்கலாமே? கடலில் இருந்தால் என்ன, ஒரு புறா கிடைக்காதா அந்த ஊரில்?

உங்கள் பிள்ளை வேறு ஊர் வேலையை ஒத்துக்கொண்டு வந்து அதற்குப் பிறகுதான் என் மகளிடம் சொன்னான். அவனுக்கும் ஏதோ மழை, ஏதோ ஜனங்கள் இருந்திருக்கும். நீங்கள் அந்தப் பாதியைப் படித்தீர்கள். நான் படித்த பாதியில் ஒரு பெண் பெட்டியோடு வாசலில் வந்து நிற்கிறாள். "உள்ள வாம்மா" என்று சொல்லத் தெரியாமல், "சாப்டியா?" என்று கேட்டேன். அதுதான் என் முதல் பக்கம்.

கடிதம் போதும் என்று நினைக்கிறேன்.

பிரேக் அக்கா

•

ஜூலை 15

அன்புள்ள அம்மா,

கடிதம் போதும் என்றீர்கள். ஒரே ஒரு தடவை மீறுகிறேன்.

தாளைத் தேடினேன். கட்டிலுக்கு அடியில், கத்தி வைக்கும் இழுப்பறையில், பழைய செய்தித்தாள் கட்டுக்குள், எங்கும் இல்லை. புத்தகக் கடைக்கும் போனேன். எல்லாப் பிரதிகளும் தீர்ந்துவிட்டன, மறு அச்சு வர நாளாகுமாம். "நடுவில் ஒரு தாளை மட்டும் பார்க்கணும்" என்றேன். "வாங்குனது எங்கம்மா?" என்று கேட்டார். "வெட்டிட்டேன்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் மிகவும் மெதுவாக, மரியாதையாகப் பேசினார்.

நீங்கள் எழுதியது சரி. நான் என் பிள்ளையின் பாதியைப் படித்தேன். விளக்கைப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருப்பான். "வெளிச்சம் வேணாம்மா" என்பான். நான் வேறென்ன படிக்க முடியும்? அவளிடம் கேட்காமல் வேலையை ஒத்துக்கொண்டது தப்பு என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவன் என் பிள்ளை. தப்பைச் சொல்லிவிட்டுச் சோறும் போட்டேன்.

நீதிமன்றத்தின் தாழ்வாரம் ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். உங்கள் கைப்பை கீழே விழுந்தது. எடுத்துத் தர ஓரடி வைத்தேன். வக்கீல் என் தோளைத் தொட்டார். நின்றுவிட்டேன். நம்முடைய தாளும் அங்கேதான் காணாமல் போயிருக்கிறது. நாம் ஒருவரையொருவர் பார்த்து ஏதோ சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாம் பேசிக்கொள்ளவே இல்லை.

எனக்கு ஒரு யோசனை. பரிசோதனையில் ஓர் அளவு விட்டுப்போனால், முன்னால் உள்ளதையும் பின்னால் உள்ளதையும் வைத்து நடுவில் என்ன இருந்திருக்கும் என்று கணக்கிடுவோம். அந்தத் தாளை நாமே எழுதினால் என்ன? நான் என்னுடையதை இணைத்திருக்கிறேன். தளபதி கொஞ்சம் அதிகம் பேசிவிட்டான். "இருபக்கமும் இழுக்கப்படும் கயிற்றைப் பார், அதில் குற்றம் எந்த முனையில் இருக்கிறது?" என்று ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. நீங்கள் உங்களுடையதை எழுதுங்கள். எழுத மனமில்லாவிட்டால் என் தாளைக் கிழித்துவிடுங்கள், நானும் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
டீச்சர்

•

ஜூலை 30

டீச்சர்,

உங்கள் தாளைப் படித்தேன். போருக்கு நடுவில் ஒரு தளபதி இவ்வளவு பேசினால், எதிரி சுவரேறி வந்து பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டு போவான். அதிலும் கயிறு, தராசு, நீராவி என்று மூன்று உதாரணம். அவன் தளபதியா, அறிவியல் வாத்தியாரா?

கைப்பை விழுந்ததை நீங்கள் பார்த்தது எனக்குத் தெரியாது. அதை நானே குனிந்து எடுத்துவிட்டு, இவ்வளவு நாளும் உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

என் தாள் கீழே. நான் எழுத்தாளர் இல்லை. ஆனால் சண்டை போட்டுக்கொண்டே வண்டியில் ஏறும் புருஷன் பெண்டாட்டி, மாமியார் மருமகள், அண்ணன் தம்பி எல்லாருக்கும் பயிற்சி கொடுத்தவள். இரண்டு பேர் எப்படிப் பேசுவார்கள் என்று தெரியும்.

தளபதி அவளைப் பார்த்துச் சொன்னான்:

"என் ஊரு ஜனத்தோட போகப் போறேன்."

"தெரியும்."

"நீ தடுக்க மாட்டியா?"

"தடுத்தா நிப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு நான் மூச்சை வீணாக்கணும்?"

அவன் தலை குனிந்தான். படகுக்காரி சொன்னாள்: "இங்க பாரு. உன் படை மேல எனக்குக் கோபம். என் படை மேலயும் கோபம். உன் மேல இல்ல. நாளைக்கு உன் ஆளுங்க உன்னைய அந்தப் பக்கம் இழுப்பாங்க, என் ஆளுங்க என்னைய இந்தப் பக்கம் இழுப்பாங்க. நாம போய்த்தான் ஆகணும். பெத்த ஊரு மாதிரி ஆச்சே, விட முடியுமா? ஆனா கல்நாவாய் எங்கயும் போகாது. அதுக்கு ரெண்டு சுக்கான். ஒண்ணை நான் பிடிச்சுக்குவேன். இன்னொண்ணைப் பிடிக்க வேற ஆளைத் தேட மாட்டேன். காயம் ஆறுனதும் வந்துரு."

"வந்தா ஊரு என்ன சொல்லும்?"

"ஊரா கப்பல் ஓட்டுது?"

அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

இவ்வளவுதான் எனக்கு வந்தது.

சம்பந்தி

•

ஆகஸ்ட் 5

அன்புள்ள சம்பந்தி அம்மா,

பாருங்கள், தாளைக் கிழிக்காமல் எழுதிவிட்டேன்.

உங்கள் தாளை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். அங்கே துணி காய்ந்துகொண்டிருந்தது. ஈரப் போர்வைக்குப் பின்னால் நின்று படித்தேன், யாரும் முகத்தைப் பார்க்காமல் இருக்க. பிறகு கீழே வந்து முகம் கழுவி, மகன் முன்னால் போய் உட்கார்ந்தேன். காலைச் சாப்பாட்டு நேரம். அவன் தட்டைப் பார்த்தபடி இருந்தான்.

"நான் உன் பழைய மாமியாருக்குக் கடுதாசி போட்டுட்டு இருக்கேன்டா. இனிமே போய்ப் பாக்கவும் போறேன்" என்றேன்.

அவன் நிமிர்ந்தான். "எந்த உறவுல போவே?"

"சம்பந்திங்கிற உறவுலதான்."

"அதான் முடிஞ்சு போச்சேம்மா."

"உங்களுக்கு முடிஞ்சது. நீ கையெழுத்துப் போட்டே, அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டா. அந்தப் பத்திரத்துல என் கையெழுத்து எங்கயாவது இருக்கா? இருந்தா எடுத்துக் காட்டு, போகல."

அவன் எழுந்து போனான். கை கழுவிவிட்டு வந்தான். என் போனை எடுத்தான். என்னவோ தட்டினான். "தடையை எடுத்துட்டேன். ஆனா என்கிட்ட வந்து அங்க என்ன நடந்துச்சுன்னு சொல்லக் கூடாது" என்றான். "நீ கேட்டாலும் சொல்ல மாட்டேன்" என்றேன். கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. கண்ணாடி போடாததால் உறுதியாகச் சொல்ல முடியாது.

பிள்ளைகள் மறுபடி சேர்வார்கள் என்ற நினைப்பில் இதை நான் செய்யவில்லை. அது அவர்கள் பாடு, நன்றாகப் பிரிந்துவிட்டார்கள். இது நம் பாடு. என்னால் இப்போது போனிலேயே பேச முடியும். ஆனால் எழுதுவது பிடித்துப்போய்விட்டது. நீங்கள் பேசும்போது குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் என்னை முடிக்க விடுகிறீர்கள்.

உங்கள் சம்பந்தி

•

ஆகஸ்ட் 14

அன்புள்ள சம்பந்தி,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். தாள் கிடைத்துவிட்டது!

மேசையில் தேநீர் கொட்டி, காக்கி அட்டை நனைந்துவிட்டது. காய வைக்கலாம் என்று உரித்தேன். உள் மடிப்பில், உங்கள் பசையிலேயே, அழகாக ஒட்டிக்கொண்டிருக்கிறது காணாமல் போன தாள். அட்டை போடும்போது புத்தகத்தையும் சேர்த்து ஒட்டிய ஒரே டீச்சர் நீங்கள்தான். அவ்வளவு நாளும் என் கையிலேயே இருந்திருக்கிறது. உங்கள் மேல் பழி போட்டேனே, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஓரத்தைச் சூடான கரண்டியால் ஒத்தி ஒத்திப் பிரித்தேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படித்தேன். தளபதி என்ன சொன்னான் தெரியுமா?

நிலவு எந்தத் திசையில் இருந்தது என்று சொன்னான். பிறகு அவன் வாள் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று அரைப் பக்கம். கடைசியில் "இது விதி" என்றான். அவளும் "விதி" என்றாள். தாள் முடிந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பெரிய புத்தகம், பெரிய ஆசிரியர், இவ்வளவு மன்னர்கள். இரண்டு பேர் பிரிகிற இடத்தில் அவர்களுக்குக் கொடுக்க நாலு வார்த்தை இல்லையா? பிறகு சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர், நாம் ஜெயித்துவிட்டோம்! நம் தாள்தான் நல்ல தாள். உங்கள் கயிறு, தராசு எல்லாம் சேர்த்தாலும்கூட. முடிவையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் என் பாதியில் பிடித்தது அது ஒன்றுதான்: படகுக்காரி தனியாகக் கப்பலை எடுக்கிறாள். ஒரு சுக்கான்தான் என்பதால் அது துறைமுக வாயிலிலேயே வட்டமடிக்கிறது. அவள் மற்ற சுக்கானைத் துடைத்து வைத்துவிட்டுக் கரையைப் பார்க்கிறாள். அங்கே முடிகிறது. ஆசிரியர் அந்த ஒரு பக்கத்தில் தன் எல்லாக் கடனையும் தீர்த்துவிட்டார்.

மகளிடம் சொல்லிவிட்டேன். "எனக்கு அவங்க இப்ப மாமியார் இல்ல. உனக்கு யாருன்னு நீ முடிவு பண்ணிக்கோ" என்றாள். நான் மூச்சு விடுவதற்குள் திரும்பி வந்து, "முதல் பாகம் என்னோட புத்தகம். ரெண்டு பேரும் சேர்ந்து வெட்டுனீங்களே, இன்னும் ஒருத்தர்கூட மன்னிப்புக் கேக்கல!" என்றாள். நியாயம்தான். மன்னிப்பு கேட்டு எழுதுங்கள். உதாரணம் வேண்டாம்.

இத்துடன் பழகுநர் உரிமத்துக்கான விண்ணப்பம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் என்ன சொன்னேன்? "முட்டி சரியானதும் உங்களை வண்டி ஓட்ட வைக்கிறேன்" என்றேனா இல்லையா? அதைச் சொல்லிச் சொல்லித்தானே உங்களை வராந்தாவில் நடக்க வைத்தேன்? நிரப்பி, தேர்வு எழுதி, உரிமத்தை வாங்கி வையுங்கள். கிளட்ச் மிதிப்பது இடது கால். நாம் இருவரும் சேர்ந்து சரி செய்த கால்தான் அது.

வாங்கியதும் சொல்லுங்கள். தெருமுனையில் காத்திருக்க மாட்டேன். உங்கள் வாசலிலேயே வந்து ஹாரன் அடிப்பேன்.

உங்கள் சம்பந்தி

•

செப்டம்பர் 30

அன்புள்ள சம்பந்தி அம்மா,

நேற்றுக் காலையில்தான் பார்த்தோம், அதற்குள் கடிதமா என்று சிரிப்பீர்கள். நேரில் உங்கள் சத்தத்துக்கு நடுவில் நான் எதைச் சொன்னேன்? இதையாவது முடிக்கிறேன்.

தலையில் மஞ்சள் பலகை வைத்த பயிற்சி வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றதே, அந்த ஹாரன் சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் மூன்றும் திறந்தன. மாடி வீட்டம்மா, "யாருங்க வந்திருக்கறது?" என்று கேட்டார். ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு நான் கதவைச் சாத்தியிருப்பேன். "என் சம்பந்தி!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். "அதான்..." என்று அவர் இழுத்தார். "ஆமா, அவங்கதான்" என்றேன். மகன் உள்ளேயிருந்து வரவில்லை. ஆனால் வாசலில் நின்றிருந்த அவன் வண்டியை நாம் புறப்பட வசதியாக முன்னமேயே நகர்த்தி வைத்திருந்தான். நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை.

என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, பயிற்சியாளருக்கென்று உங்கள் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பிரேக்கைக் காட்டி, "இதுல என் கால் இருக்கு. நீங்க பாட்டுக்குப் போங்க" என்றீர்கள். கல்நாவாயில் ஏறிய மாதிரிதான் இருந்தது. வண்டி தவளை மாதிரி இரண்டு தாவு தாவி நின்றது. "கிளட்ச்! அது முட்டி, முட்டுக்கட்டை இல்ல!" என்று கத்தினீர்கள். அதற்குப் பிறகு நகர்ந்தோம். மருந்துக் கடை, பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி. என்னிடம் படித்த தபால்காரர் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, வகுப்பில் நிற்பது போல விறைப்பாக நின்றார். பயத்தினால் என்று நினைக்கிறேன்.

நீதிமன்றத் திருப்பம் வந்தது. எதிரே லாரி. அந்தக் கட்டடத்தை நான் பார்க்கவே இல்லை, பாதையைத்தான் பார்த்தேன். வண்டி தானாக மெதுவாகி, அளவாக வளைந்து, லாரிக்கு வழிவிட்டு, மறுபடி நேராகியது. நீங்கள் கத்தக்கூட இல்லை. அந்த இடத்தில் நீங்கள் உங்கள் பிரேக்கைத் தொட்டுக் காப்பாற்றினீர்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லிக்காட்டாமல் இருந்ததற்கு நன்றி.

நீங்கள் தாள்களோடு கொண்டு வந்து கொடுத்த பின்பாதியை இன்று காலை படித்து முடித்தேன். மொத்தத்தில் முதல் பாகத்தின் கால் தூசிக்கு வராது. நான் மறுபடியும் படிப்பேன். இரண்டும் உண்மை. நம் தாள்கள் இரண்டையும் நடுவில் வைத்து, ஆசிரியரின் தாளைக் கடைசியில் சேர்த்து, இரண்டு பாதியையும் ஊசி நூலால் தைத்துவிட்டேன். உங்கள் மகளுக்கு அனுப்புகிறேன், மன்னிப்போடு. உதாரணம் இல்லாமல்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி

•

அக்டோபர் 4

அன்புள்ள சம்பந்தி,

புத்தகம் வந்தது. மகள் நம் தாள்களை முதலில் படித்தாள். "ரெண்டு கிழவியும் சேர்ந்து கதையையே மாத்திட்டீங்க" என்றாள். பிறகு முதல் பக்கத்துக்குப் போய்விட்டாள். இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை.

உங்கள் மகன் வண்டியை நகர்த்தி வைத்திருந்ததைக் கவனித்தேன். ஓட்டுநர் கண்ணுக்கு அது தப்புமா?

அந்தத் திருப்பத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நன்றி எல்லாம் சொல்லியிருந்தீர்கள். அதைத் திருப்பி அனுப்புகிறேன், எனக்கு உரியது இல்லை. லாரியைப் பார்த்ததும் பயத்தில் இரண்டு காலையும் தூக்கி இருக்கை மேல் மடக்கிக்கொண்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை கண்ணையும் மூடினேன்.

நான் பிரேக்கைத் தொடவே இல்லை, டீச்சர். ஓட்டினது நீங்கள்தான்.

சம்பந்தி